சாகாத விளக்கேற்றியும் இரண்டு சம்பந்திகளும்

கரகந்தா என்ற நிலக்கரி நகரத்து மாடிக் கட்டடங்களில் குடியிருப்பவர்களுக்கு குல்பாஷின் முகம் தெரியாது. குரல் தெரியும். லிஃப்ட் பாதி வழியில் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர் பதறிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினால், கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவள்தான் பேசுவாள்.

"யாரு உள்ள? எத்தனை பேரு? புருஷன் பொண்டாட்டியா? சண்டை ஏதும் பாக்கி இருந்தா முடிச்சிக்கங்க, அதுக்குள்ள ஆளு வந்துருவாரு."

ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் மாட்டிக்கொண்டார். தான் யார் தெரியுமா, என்ன செய்வேன் தெரியுமா என்று கத்தினார். குல்பாஷ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, உள்ள காத்து கம்மி. கத்தினா சீக்கிரம் தீந்துரும். மெதுவா ஒரு பாட்டுப் பாடுங்க, மூச்சு சீராகும்" என்றாள். மனிதர் பயந்துபோய் உண்மையாகவே பாடினார். மெக்கானிக் கதவைத் திறந்தபோது இரண்டாம் சரணத்தில் இருந்தாராம். மறுநாள் புகார் வந்தது. மேலாளர் கூப்பிட்டு விசாரித்தார். "குறை சொல்ற மாதிரி இல்லைங்க, நல்லாத்தான் பாடினாரு" என்றாள் குல்பாஷ்.

பிறவியிலேயே அப்படி. பாலிடெக்னிக்கில் படித்த காலத்தில் அவளுக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்தது. கடையில் வாங்க வழியில்லாத நாட்கள் அவை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பனியின்மேல் செய்தித்தாளை விரித்து, அதில் கம்ப்யூட்டர் சில்லுகளை எள்ளுருண்டை மாதிரி பரப்பி வைத்து விற்பார்கள். குல்பாஷ் அங்கே ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்து, வீட்டுச் சமையலறையில் ஈயப்பற்று வைத்து, இங்கிலாந்துக்காரர்களின் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு நகல் செய்தாள். ஊரில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அவளுடைய மெஷினுக்குப் பெட்டி கிடைக்கவில்லை. அப்பாவின் மடக்குச் சதுரங்கப் பலகை கண்ணில் பட்டது. உள்ளே குடைந்து, மேலே துளை போட்டு விசைகளைப் பதித்துவிட்டாள். அப்பா ஒரு வாரம் பலகையைத் தேடினார். பிறகு ஒரு மாலை, கறுப்பு வெள்ளைக் கட்டங்களின்மேல் மகள் தட்டித் தட்டி டிவியில் பொம்மையை ஓடவிடுவதைப் பார்த்தார். திட்டுவதா, அடுத்த ஆட்டம் தனக்கு என்று கேட்பதா என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் அடுத்த ஆட்டம் கேட்டார்.

அந்தப் பொம்மையின் பெயர் விளக்கேற்றி. ஆட்டத்தின் பெயரும் அதுதான். சின்ன ஆள், கையில் ஒரு கோல். கூரைக்குக் கூரை தாவித் தெருவிளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். வௌவால் துரத்தும். புகைபோக்கிக்கு மேலே தாவும்போது ஒரு இமை நேரம் தப்பினாலும் விழுந்து சாவான். ஆட்டத்தில் மொத்தம் ஐந்து உயிர். குல்பாஷ் ஒரு குளிர்காலம் முழுக்க ஆடி, ஊர் விளக்கு அத்தனையும் ஏற்றியவள். அந்த ஆட்டம் பதிந்திருந்த கேசட்டின் மேல் அவள் தம்பி கனாபியா பிற்பாடு யாருடையதோ கல்யாணப் பாட்டைப் பதிந்து அழித்துவிட்டான். அதற்காக அவனோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தாள்.

இதெல்லாம் பழைய கதை. குல்பாஷுக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. கணவர் சாபித் பேருந்துப் பணிமனையில் வேலை. ஒரே மகன் எர்னார் பெருநகரமான அல்மாட்டியில் வேலை பார்த்தான். அங்கேயே ஒரு பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது. பெயர் தோக்ஜான். நல்ல பெண், அளவாகப் பேசுவாள், மாமியாரின் குறும்புக்கு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள். குல்பாஷுக்கு அவளைப் பிடித்துவிட்டது. பிடிக்காமல் போனது பெண்ணின் அம்மாவை.

அந்த அம்மா, ஜௌரேஷ், அல்மாட்டியில் இரண்டு மருந்துக்கடை வைத்திருந்தாள். நிச்சயதார்த்தத்துக்கு இவர்கள் போனபோது, முத்து மாலையும் நிமிர்ந்த கழுத்துமாக வாசலில் நின்று, "ரயில்ல ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க, உங்க ஊர் கரித்தூசி வேற" என்று வரவேற்றாள். ஆட்டின் கொழுப்பு வாலும் ஈரலும் ஒருவருக்கொருவர் ஊட்டுகிற வழக்கப்படி சம்பந்தம் உறுதியான பிறகு, சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். அங்கே கண்ணாடி அலமாரியில், சீனப் பாத்திரங்களுக்கு நடுவே, ரப்பர் விசைகளோடு கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி இருந்தது.

குல்பாஷ் எழுந்தே விட்டாள். "ஐயோ! இங்கிலாந்துதா? ஒரிஜினலா?"

"ஒரிஜினல்தான். அப்பா வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போனப்ப வாங்கிட்டு வந்தாரு." ஜௌரேஷ் மாலையைச் சரிசெய்துகொண்டாள். "உங்க பக்கம் இதெல்லாம் பாத்திருக்க வாய்ப்பில்லையே, சம்பந்தியம்மா?"

"பாத்ததில்ல" என்றாள் குல்பாஷ். "செஞ்சிருக்கேன்."

அந்த ஒரு பேச்சில் இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகிவிட்டார்கள். எந்த ஆட்டம், எத்தனை ஆட்டம், எந்த ஆட்டத்தில் எங்கே செத்தோம். விளக்கேற்றி என்ற பெயர் வந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஆண்கள் பயந்து திரும்பிப் பார்த்தார்கள்.

"ஊரையே ஏத்தி முடிச்சிருக்கேன் நானு" என்றாள் ஜௌரேஷ்.

"நானும்தான். ரெண்டு தடவை."

"ரெண்டு தடவையா? நகல் மெஷின்ல தானே? அதுல எல்லாம் கணக்கில சேத்துக்க மாட்டாங்க."

குல்பாஷின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் சாபித் மனைவியை முப்பது வருடமாகப் பார்த்தவர். மெதுவாகத் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

அன்றைக்கே இன்னொரு சண்டையும் முளைத்தது. இரண்டு ஊரில் இரண்டு விருந்து வேண்டாம், அல்மாட்டியில் ஒரே பெரிய விருந்தாக வைத்துவிடலாம் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். சரி. ஆனால் விருந்தில் மைக்கைப் பிடிப்பது யார்? எங்கள் பக்கத்தில் மைக் பிடிக்கிறவர்தான் விருந்துக்கு ராஜா. யார் முதலில் பேசுவது, யார் எப்போது ஆடுவது, யாரைக் கிண்டல் செய்வது, எல்லாம் அவர் கையில். ஜௌரேஷின் தங்கை கணவர் ஒருவர் இருந்தார். வானொலிக் குரல், தங்கத் தொண்டை. குல்பாஷின் பக்கம் கனாபியா. தொண்டை தகரம்தான், ஆனால் அவன் பேசினால் பிணமும் சிரிக்கும்.

விவாதம் முற்றிக்கொண்டே போனது. சலித்துப்போன எர்னார், "போதும்மா. ரெண்டு பேரும் விளக்கேற்றி ஆடுங்க. ஜெயிச்சவங்க ஆளு மைக் பிடிக்கட்டும்" என்று சும்மா சொன்னான்.

சும்மா சொன்னதை இரண்டு பெண்களும் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. கை கொடுத்துவிட்டார்கள்.

ரயிலில் திரும்பும்போது சாபித் கேட்டார். "ஒரு மைக்குக்கா இவ்வளவு?"

குல்பாஷ் ஜன்னலுக்கு வெளியே புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மைக் இல்லீங்க. அந்த ஹால் நிறைய அவங்க ஆளுங்க. நம்ம பக்கம் ஒரு மூலையில நாலு மேஜை. தங்கத் தொண்டை நம்மளை என்ன சொல்லி எழுப்புவாரு? 'கரகந்தாவிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்.' அவ்வளவுதான். என் புள்ளை கல்யாணத்துல நான் விருந்தாளியா?" பிறகு அவர் பக்கம் திரும்பி, "அப்புறம், கணக்கில சேத்துக்க மாட்டாங்களாம்ல" என்றாள்.

ஜௌரேஷின் கறுப்புப் பெட்டி அழகுப் பொருள்தான், ஓடாது. குல்பாஷின் சதுரங்கப் பெட்டி எந்த வீடு மாறியபோதோ போய்விட்டது. ஆகவே எமுலேட்டர் வேண்டும். எமுலேட்டர் என்பது புதுக் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு பழைய கம்ப்யூட்டராக நடிக்கிற புரோகிராம். எதைக் கேட்டாலும் பழையதைப் போலவே பதில் சொல்லும். பழைய ஆட்டத்துக்குத் தான் ஏமாற்றப்படுவது தெரியாது, அது பாட்டுக்கு ஓடும்.

வேலை முடிந்து வந்ததும் குல்பாஷ் எமுலேட்டர்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். மாப்பிள்ளை பார்ப்பது போலத்தான் நடந்தது. முதலாவது நல்ல சிவப்பு. படத்தை எல்லாம் வழவழப்பாக்கி, புள்ளி தெரியாமல் பவுடர் பூசிக் காட்டியது. "இவன் கண்ணாடி முன்னாடியே நிப்பான், வேலைக்கு ஆகமாட்டான்" என்று தள்ளினாள். இரண்டாவது கண்டிப்பான ஆள். கேசட் சுற்றுகிற நேரம் முழுக்க உட்கார வைத்து, அந்தக் கீச்சுக் கீச்சு அலறலையும் முழுசாகக் கேட்க வைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். அந்தத் தட்டல்கூடப் பழைய நாளைப் போலவே இருந்ததால் குல்பாஷுக்கு அதன்மேல் ஆசைதான். ஆனால் அதற்குத் தெரிந்தது இங்கிலாந்து மெஷின் ஒன்றுதான். நகல்களை அது மனிதராகவே மதிக்கவில்லை. மூன்றாவதைத் திறந்ததும் கண் விரிந்தது. எந்த மெஷினாக நடிக்கட்டும் என்று அது கேட்டது. இங்கிலாந்துதா, லெனின்கிராட் நகலா, மாஸ்கோ நகலா? விருந்து வீட்டுப் பந்தி மாதிரி வரிசை நீண்டது.

சோதனைக்கு வேறு ஏதோ கூரை தாவும் ஆட்டத்தைப் போட்டு, இங்கிலாந்து மெஷினில் ஓடவிட்டாள். பொம்மை சினைப் பசு மாதிரி நடந்தது. அவள் விரல் முன்னே போயிற்று, பொம்மை பின்னே வந்து விழுந்தது. மறுபடி, மறுபடி. வயசாகிவிட்டது என்று நினைத்து அவளுக்கு மனசே இறங்கிவிட்டது. பிறகு, சரி பார்ப்போம் என்று தன்னுடைய பழைய நகலைத் தேர்ந்தெடுத்தாள். பொம்மை பறந்தது. விரல்கள் அவளைக் கேட்காமலே ஓடின.

காரணம் அவளுக்குத் தெரிந்ததுதான், மறந்துபோயிருந்தாள். இங்கிலாந்து மெஷினில் படம் வரைகிற பகுதியும் கணக்குப் போடுகிற பகுதியும் ஒரே குழாயடியில் குடத்தோடு நிற்கும். ஒன்று பிடிக்கும்போது மற்றொன்று காத்திருக்க வேண்டும். நகலில் அந்தக் காத்திருப்பு கிடையாது. வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் ஒரு குளிர்காலம் முழுக்க ஆடிய விரலுக்கு அந்தக் கொஞ்சம்தான் வாழ்வும் சாவும். எந்த மெஷினாக நடிக்க வைப்பது என்று முடிவானால், ஜெயிப்பது யார் என்பதும் முடிவானது போலத்தான்.

இது ஜௌரேஷுக்கும் தெரிந்திருந்தது. தொலைபேசியில் பேரம் தொடங்கியது.

"ஆட்டம் செஞ்சது இங்கிலாந்துல, சம்பந்தியம்மா. அந்த மெஷின்லதான் ஆடணும். மத்ததெல்லாம் போலி."

"அப்ப நாங்கல்லாம் போலிப் பால் குடிச்சு வளந்தவங்களா?"

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லல, ஆனா கேட்டுச்சு."

இப்படியே இரண்டு வாரம். ஒருநாள் குல்பாஷ் திடீரென்று இறங்கி வந்தாள். "சரி. இங்கிலாந்து மெஷினே இருக்கட்டும். எங்க வீட்டுக்கு வரும்போது ஆடலாம். எமுலேட்டர் என்னோடது."

"அப்ப ஆட்டம் என்னோடது" என்றாள் ஜௌரேஷ் உடனே. "என் கேசட்டைக் கம்ப்யூட்டர் ஃபைலா மாத்தி வச்சிருக்கேன், கொண்டுவரேன். பாத்திரம் உங்களது, அரிசி என்னது."

அந்தப் பக்கம் போனை வைத்ததும் குல்பாஷ் சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள். சாபித் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ன செய்யப் போற?"

"ஒண்ணும் இல்லீங்க. பேர் மாத்தப் போறேன்."

அந்த மூன்றாவது எமுலேட்டரில் மெஷின்களின் பெயரை நாமே எழுதிக்கொள்ளலாம். தன் நகலுக்கு 'இங்கிலாந்து' என்று பெயர் வைத்தாள். உண்மையான இங்கிலாந்தைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டாள். பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே ஒரு இங்கிலாந்துதான் தெரியும்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அல்மாட்டியில் ஜௌரேஷும் சும்மா இருக்கவில்லை. தன் மருந்துக்கடைக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மனிதரைக் கூப்பிட்டு, "இந்த ஆட்டத்துல உயிர் கொஞ்சம் கூடுதலா வைக்க முடியுமா?" என்று கேட்டாள். அவர் எத்தனை என்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. "அதுக்கென்ன மேடம்" என்று வாங்கிப்போய், உயிரே குறையாதபடி செய்து கொடுத்துவிட்டார். பென்டிரைவில் இரண்டு பிரதி இருந்தது. ஒன்று நேர்மையானது, சம்பந்தியம்மாவுக்கு. இன்னொன்று தனக்கு.

பிப்ரவரியில் அல்மாட்டிக்காரர்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். வெளியே மூக்கு உறைகிற குளிர். உள்ளே குதிரைக்கறி பெரிய பானையில் வெந்துகொண்டிருந்தது. மாவை இட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும், வேகவைத்த மாவுத் தகட்டின்மேல் கறியைப் போட்டுப் பரிமாறும் பெஷ்பர்மாக் என்று ஏற்பாடு. எண்ணெயில் பொரித்த பௌர்சாக் உருண்டைகளையும் தேநீரையும் வைத்துக்கொண்டு, பெரிய டிவியில் கம்ப்யூட்டரை மாட்டி எல்லாரும் உட்கார்ந்தார்கள். கனாபியாவும் வந்திருந்தான்.

விருந்தாளி முதலில். ஜௌரேஷ் எமுலேட்டரைத் திறந்து, 'இங்கிலாந்து' என்று எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுப் பார்த்துத் திருப்தியானாள். பென்டிரைவிலிருந்து தன் பிரதியை எடுத்துப் போட்டாள். விளக்கேற்றி கோலோடு வந்து நின்றான். மூலையில் ஐந்து உயிர் என்று எண் தெரிந்தது.

அவள் தாவினாள். விளக்கேற்றி அவளுக்கு முன்னே பாய்ந்து, புகைபோக்கியில் மோதி, தெருவில் விழுந்து செத்தான்.

"பழக்கம் விட்டுப்போச்சு" என்றாள் ஜௌரேஷ்.

மறுபடி வந்தான். மறுபடி விழுந்தான். வௌவால் மேல் நேராகப் போய் ஏறினான். விளக்கையே தாண்டி ஓடி, கூரை முடிந்த இடத்தில் நிற்காமல் போய் விழுந்தான். இப்படிச் சாவதைப் பார்க்க எர்னாருக்கே பாவமாக இருந்தது. குல்பாஷ் கைகளை மடியில் கோத்துக்கொண்டு ஒரு புனிதவதியைப் போல உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒரு சாவு, அப்புறம் மைக் கனாபியா கையில்.

அப்போதுதான் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தாள். ஐந்து.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். விளக்கேற்றி விழுந்தான், எழுந்தான். ஐந்து. வௌவால் கடித்தது. ஐந்து.

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கேள்வி வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் எப்படிக் கேட்பாள்? கேட்டால் கம்ப்யூட்டரை நோண்டுவார்கள். நோண்டினால் முதலில் மாட்டுவது 'இங்கிலாந்து'. வாயை மூடிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் ஜௌரேஷின் நிலைமை இன்னும் மோசம். இந்த வேகம் இங்கிலாந்து வேகம் இல்லை என்று அவள் விரல் முதல் தாவலிலேயே சொல்லிவிட்டது. கத்தலாம். கத்தினால் நோண்டுவார்கள். நோண்டினால் ஐந்து மாட்டும். சரி, சீக்கிரம் செத்து ஆட்டத்தை முடித்துவிடலாம் என்றால், அந்தப் பாவி சாகவே மாட்டேன் என்கிறான். கொஞ்சம் கூடுதல் உயிர் கேட்டதற்கு மனிதர் அமரத்துவத்தையே கொடுத்துவிட்டார் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. முத்து மாலைக்குக் கீழே வேர்த்தது.

விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன, அதைவிட அதிகமாக அவன் செத்தான். பானையில் குதிரைக்கறி வெந்து குழைந்துகொண்டிருந்தது. ஜௌரேஷுக்கு மணிக்கட்டு வலித்தது.

"தேநீர் குடிங்க, சம்பந்தியம்மா" என்றாள் குல்பாஷ் தேனாக.

"கை வேலையா இருக்கு."

"ஆமாமா, ரொம்ப உழைக்கிறீங்க. அவரும் உழைக்கிறாரு, பாவம். என்ன ஆயுசு கெட்டி!"

ஜௌரேஷ் பல்லைக் கடித்தாள். "உங்க ஊர்க் காத்து அப்படி. எல்லாரும் ஓட்டமா ஓடுறாங்க."

தோக்ஜான் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். சாபித்துக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, அவருக்குப் பசி. எல்லார் காதிலும் விழும்படி வெகுளியாகக் கேட்டார்: "ஏங்க, அஞ்சு உயிர்னு சொன்னீங்களே, இவன் காலையிலேருந்து செத்துக்கிட்டே இருக்கான். எப்பத்தான் சோறு போடுவீங்க?"

குல்பாஷ் அவசரமாகச் சம்பந்தியின் கிண்ணத்தை எடுத்து, பதற்றத்தில் விளிம்பு வரைக்கும் ஊற்றிவிட்டாள். எங்கள் பக்கத்தில் கிண்ணத்தை நிறைத்து ஊற்றினால் 'கிளம்பு' என்று அர்த்தம். ஜௌரேஷ் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள், விசைகளிலிருந்து கையை எடுத்தாள், திரும்பினாள்.

"உங்க ஆளு ஏன் இப்படி ஓடுறான்?" என்றாள்.

"உங்க ஆளு ஏன் சாகமாட்டேங்கிறான்?" என்றாள் குல்பாஷ்.

இரண்டு கேள்வியும் ஒரே மூச்சில் வந்து நடுவில் முட்டிக்கொண்டன. இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். கேட்பாரற்ற விளக்கேற்றி டிவியில் கூரையிலிருந்து விழுந்தான், எழுந்தான், வௌவாலிடம் கடி வாங்கினான், எழுந்தான்.

முதலில் சிரித்தது ஜௌரேஷ். இவ்வளவு நிமிர்ந்த கழுத்திலிருந்து இப்படியொரு சிரிப்பு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. குதிரை கனைப்பது போல, மூச்சு வாங்கி, மறுபடி கனைத்தது. குல்பாஷ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் வழிந்தது.

"பேரை மாத்திட்டியா? அடிப்பாவி, பேரை மட்டுமா மாத்தின?"

"நீ மட்டும்? எமனையே விலைக்கு வாங்கியிருக்க!"

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

சாப்பிட்டார்கள். மாவு கொஞ்சம் ஊறிப்போயிருந்தது, யாரும் குறை சொல்லவில்லை. கை கழுவிய பிறகு எர்னார் நடுவராக உட்கார்ந்தான். நேர்மையான பிரதிதான், ஆனால் அவரவர் மெஷின். ஜௌரேஷுக்கு உண்மையான இங்கிலாந்தைத் திரும்ப வரவழைத்துக் கொடுத்தார்கள், குல்பாஷுக்கு நகல். இனி யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஊரையே ஏற்றிய இரண்டு வீராங்கனைகளும் எப்படி ஆடினார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேவலம். ஜௌரேஷ் மூன்றாவது கூரையைத் தாண்டவில்லை. ஏழு விளக்கு ஏற்றினாள். குல்பாஷ் அதே மூன்றாவது கூரையில் வௌவாலைப் பார்த்துக் கத்திக்கொண்டே எட்டாவது விளக்கைத் தொட்டுவிட்டு விழுந்தாள். விரலுக்கு ஞாபகம் இருந்தது, கண்ணுக்குத்தான் எட்டவில்லை.

"எட்டு!" என்று குதித்தாள் குல்பாஷ்.

"அந்தக் கடைசி விளக்கு எரியல, புகைஞ்சுது" என்றாள் ஜௌரேஷ். ஆனால் கை கொடுத்தாள். மைக் கனாபியாவுக்குப் போனது.

அந்த வெற்றிக்காகக் குல்பாஷ் எவ்வளவு வருந்தப் போகிறாள் என்பது அல்மாட்டி விருந்து மண்டபத்தில்தான் தெரிந்தது. ஏப்ரல் மாதம், ஹால் நிறைய ஜனம். கனாபியா புதுக் கோட்டுப் போட்டு மைக்கைப் பிடித்தான். கரகந்தா மேஜைக்காரர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி எழுப்பினான். குல்பாஷுக்கு நெஞ்சு நிறைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜௌரேஷைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தாள்.

அப்போது கனாபியா தொண்டையைச் செருமினான். "அன்பு மக்களே, இந்த மைக் என் கைக்கு எப்படி வந்துச்சுன்னு தெரியுமா?"

"வேண்டாம்டா" என்றாள் குல்பாஷ் உட்கார்ந்த இடத்திலிருந்து.

"அக்கா வேண்டாங்கறாங்க. அப்ப நல்ல கதையாத்தான் இருக்கணும்!"

சொன்னான். ஒன்று விடாமல் சொன்னான். சாகாத ஆளை நடித்துக் காட்டினான். கோலுக்குப் பதில் மைக்கையே பிடித்து மேடையில் விழுந்தான், எழுந்தான், விழுந்தான். அக்கா புனிதவதியாக உட்கார்ந்ததையும், சம்பந்தியம்மா மாலைக்குக் கீழே வேர்த்ததையும், மாமா சோறு கேட்டதையும் செய்து காட்டினான். மண்டபம் மேஜையைத் தட்டிச் சிரித்தது. தங்கத் தொண்டை வானொலிக்காரரே கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு சம்பந்திகளும் ஒரே மேஜைத்துணிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் தேடினார்கள்.

"உன் தம்பியை என்ன பண்ணலாம்?" என்றாள் ஜௌரேஷ் பல்லிடுக்கில்.

"எலும்பு இருக்கு. எடுத்து எறியட்டுமா?"

"பெரிய எலும்பா எடு."

ஆனால் எறிய நேரம் கிடைக்கவில்லை. ஆட்டம் பாட்டம் தொடங்கியதும் யாரோ ஒரு தடித்த மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார். சின்ன வயதில் அவர் ஒரு டாங்கிச் சண்டை ஆட்டம் ஆடினாராம், இப்போது அதைப் பார்க்க முடியுமா? அவருக்குப் பின்னால் ஒரு அம்மா நின்றாள். நிலநடுக்க ஆய்வு நிலையத்தில் இருந்தவள். முப்பது வருடத்துக்கு முன் அவளே எழுதிய கணக்குப் புரோகிராம் ஒன்று பழைய வட்டுகளில் தூங்குகிறது, அதை எழுப்ப எது வேண்டும்? அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் நண்பர்கள் இருவர். மணமக்கள் மேஜைக்கு முன்னால்கூட அவ்வளவு கூட்டம் இல்லை.

"அம்மா, எந்த எமுலேட்டர் நல்லது?" என்று கேட்டார் தடித்த மனிதர்.

"அழகா இருக்கணும்னா படத்தை வழவழன்னு காட்டுறதை எடுங்க" என்றாள் ஜௌரேஷ்.

"அழகா இருந்து என்ன பண்றது? நிறைய மெஷின் தெரிஞ்சதா எடுங்க" என்றாள் குல்பாஷ், அதே நேரத்தில்.

"நீ சும்மா இரு. பேர் மாத்தறவ பேச்சைக் கேக்காதீங்க."

"உயிர் விக்கிறவ பேச்சை மட்டும் கேக்கலாமா?"

தடித்த மனிதர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து போகாமல், மேஜையிலிருந்து ஒரு தட்டில் கறி போட்டுக்கொண்டு, இது சீக்கிரம் முடியாது என்று தெரிந்துகொண்டவராக வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.